சுமலதா கையெழுத்துப் போடாத நான்கு நாட்கள்

என் மனைவி சுமலதாவால் ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. ஓசூர் பேருந்து நிலையத்தில் பெங்களூர் வண்டிக்கு நிற்கிற பத்து நிமிடத்தில் நிலையத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள். வண்டியில் இடம் இருந்தாலும் அத்திப்பள்ளி தாண்டும்வரை நின்றுகொண்டுதான் வருவாள். மதியச் சாப்பாடு ஜன்னலோரம் நின்றபடி. அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்தது, காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு வேலை.

சிப்காட்டில் உலோகங்களை வெப்பத்தால் பதப்படுத்தும் சிறிய ஆலை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் மின்சாரப் பராமரிப்பு இன்ஜினியர். அவள் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். மின் நிலைய டர்பைன்களுக்கான பிளேடுகள் வேறோர் ஆலையில் நிக்கல் கலவையில் வார்க்கப்பட்டு எங்களிடம் வரும். காற்றை உறிஞ்சியெடுத்த உலையில் அவற்றைச் சூடேற்றி, குளிரவைத்து, மறுபடி சூடேற்றித் திருப்பி அனுப்புவோம். உலையில் ஒரு தடவை ஏற்றும் சுமைக்கு ‘சார்ஜ்’ என்று பெயர். ஒவ்வொரு சார்ஜோடும் விரல் அளவில் ஒரு சோதனைத் துண்டு உள்ளே போகும். அந்தத் துண்டுதான் சுமலதாவின் பிழைப்பு.

அவள் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி. அம்மா மாரம்மா செங்கல் சூளையில் கல் சுமந்தவர். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் சுமலதாதான். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்தாள். நான் அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவன். நான் ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்று சொல்லும்போதெல்லாம், “உங்க அங்கிட்டு எந்தப் பக்கம், கையக் காட்டிச் சொல்லுங்க” என்பாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்தும் அந்தக் கேலியை விடவில்லை.

என்ன வேலை பார்க்கிறாய் என்று மாரம்மா ஒருமுறை கேட்டார். அவள் தரையில் கோடு போட்டுக் காட்டினாள். “சூளையில பச்சக்கல்லு அடுக்குவ இல்ல, நடுவுல விரல் போற அளவு சந்து விட்டு? இந்த இரும்புக்குள்ள அப்படித்தான் கல்லு கல்லா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கல்லு. ஒழுங்கா அடுக்கியிருக்குதான்னு நான் பாக்கறேன்.”

மாரம்மா தெலுங்கில் கேட்டார்: “கல்லு அடுக்கறதப் பாக்கறதுக்கா இத்தன வருசம் படிச்ச? இங்கியே இருந்திருக்கலாமே.”

அவள் சொன்ன உவமை சரியானதுதான். வார்ப்பிலிருந்து வரும்போது அந்தக் கற்கள், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய துகள்கள், பெரிதும் சிறிதுமாகக் கண்டபடி கிடக்கும். ஆயிரத்து இருநூற்று ஐந்து டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் அவை உலோகத்திலேயே கரைந்துவிடும். ஆர்கான் வாயுவை வீசி வேகமாகக் குளிர்வித்தால் மிக நுண்ணியதாகத் திரும்பப் பிறக்கும். பிறகு எண்ணூற்று நாற்பத்தைந்து டிகிரியில் இருபத்து நான்கு மணி நேரம். அந்த ஒரு நாளில்தான் அவை ஒரே அளவில், சதுரம் சதுரமாக, வரிசையாக வளரும். பிளேடின் பலம் முழுவதும் அந்த வரிசையில் இருக்கிறது. முதல் சூட்டில் முப்பது, நாற்பது டிகிரி கூடிப்போனால் வார்ப்பில் கடைசியாக உறைந்த இடங்கள் முதலில் உருகிவிடும். வெளியே எதுவும் தெரியாது. பிளேடு அதே பளபளப்போடு இருக்கும். ஆனால் டர்பைனில் சுழலும்போது அந்த உருகிய இடத்தில்தான் விரிசல் விடும். அப்படி உருகியதை மறுபடி எந்தச் சூட்டில் வைத்தாலும் சரி செய்ய முடியாது. அந்தச் சார்ஜ் முழுவதும் குப்பை.

துண்டை வெட்டி, கறுப்புப் பொடியில் பதித்து, உப்புத்தாளில் மாற்றி மாற்றித் தேய்த்து, கண்ணாடிபோல ஆனதும் மயில்துத்தமும் அமிலமும் கலந்த பச்சைத் தண்ணீரில் சில நொடிகள் தோய்ப்பாள். கழுவி, நுண்ணோக்கியில் வைப்பாள். உருகியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். கற்களின் வரிசையைப் பார்க்க மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போக வேண்டும்.

2004 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் சாப்பிட வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நுண்ணோக்கியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

“இத வந்து பாருங்க.”

பார்த்தேன். ஓரங்களில் மெழுகு வழிந்து உறைந்ததுபோல் வெள்ளைத் திட்டுகள். நடுநடுவே கறுப்புத் துளைகள்.

“ஏழு வருசத்துல இப்படி வந்ததில்லைங்க,” என்றாள்.

அந்த மாதம் மூன்று சார்ஜ்கள் அப்படி வந்தன. மே முதல் வாரம் நான்காவது. நான்குமே மதியம் இரண்டு மணி முதல் இரவு பத்து வரையிலான இரண்டாம் ஷிப்டில் ஓடியவை. நான்குக்கும் உலையை இயக்கியவர் கரியப்பன்.

கரியப்பனுக்கும் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம்தான். காலையில் ஒரு மாந்தோப்பில் காவல் வேலை இருந்ததால், மற்றவர்களோடு பேசி மாற்றிக்கொண்டு பெரும்பாலும் இரண்டாம் ஷிப்டுக்கே வருவார். ஆறு வருடமாகத் தற்காலிகம். ஜூன் மாதம் நிரந்தர ஆணை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் ஸ்ரீராமுக்குச் சந்தேகமே இல்லை. “ரெக்கார்டர் கிராஃப் ஆயிரத்து இருநூத்தி அஞ்சுல நேர்கோடு போட்டிருக்கு. மெட்டல் உருகியிருக்கு. கிராஃபை ஏமாத்தலாம், மெட்டலை ஏமாத்த முடியாது. ஊருக்குக் கடைசி பஸ் பத்தே காலுக்கு. சூட்டை ஏத்தி, நேரத்தைக் குறைச்சு, கன்ட்ரோலர்ல நம்பரை மாத்தியிருக்கான்.” மே 12ஆம் தேதி கரியப்பனை நிறுத்திவைத்தார்கள். 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் குற்றம் என்று எழுதிவிட்டால் ஆறு வருடமும் போகும். சிப்காட்டில் வேறு எந்த உலையிலும் அவரை நிற்கவிட மாட்டார்கள்.

கரியப்பனுக்கு எதிராக இருந்த ஒரே சான்று சுமலதா எடுத்த படங்கள்.

கேன்டீனில் இன்னோர் ஆபரேட்டர் கோபி, எல்லாரும் கேட்கும்படி சொன்னான்: “சுமாக்கா, உங்க மைக்ரோஸ்கோப்புல எங்க தலையெழுத்தும் தெரியுமா? அடுத்து யாருன்னு பாத்துச் சொல்லிட்டா நாங்களே லெட்டர் எழுதிக் குடுத்துடறோம்.”

“உன் தலையில எழுத எடமே இல்ல கோபி, நீ பயப்படாத,” என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் வாயிற்கதவருகே கரியப்பன் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் அவளிடம் பேசினார். “அம்மிணி, நீ எடுத்த போட்டோ பொய்யில்ல. நான் நம்பரத் தொட்டதுமில்ல. ரெண்டும் நெசம்னா நடுவுல என்னமோ இருக்குது. அத மட்டும் பாரு.”

“பாக்கறேன் கரியண்ணா,” என்றாள்.

16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பதிவேட்டின் நகலையும் படங்களையும் வீட்டுத் தரையில் பரப்பினாள். மின்விசிறியை நிறுத்திவிட்டாள். வியர்வை ஒழுக அவற்றைச் சுற்றி நடந்தாள். குனிந்து ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைப்பாள், மறுபடி நடப்பாள். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் மூன்று மணிக்கு நின்றாள்.

“ஆளப் பாத்துட்டு இருந்தது தப்புங்க. வெயிலப் பாக்கணும்.”

“என்ன வெயில்?”

“ஏப்ரல் இருபத்தொண்ணு கரியண்ணன் ஓட்டுன சார்ஜ். மதியத்துலருந்து மழை. நல்லா வந்திருக்கு. அவரே ஒரு நாள் நைட்டு ஓட்டியிருக்காரு, அதுவும் நல்லா இருக்கு. இருபத்தெட்டாந்தேதி அவரு திருவிழாவுக்குப் போயிட்டாரு, கோபி ஓட்டுனான். நல்ல வெயில். அன்னிக்கு நான் பாஸ் போட்டுட்டேன். இப்பப் பாத்தா ஓரத்துல லேசா உருக ஆரம்பிச்சிருக்கு.” படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “மார்ச்சுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. மார்ச்சுல அந்த ஃபர்னஸ்ல என்ன மாத்துனீங்க?”

“எலி கடிச்ச சென்சார் கேபிள மாத்துனேன். பதினாலாந்தேதி, ஞாயித்துக்கிழமை.”

“அது மேற்குச் சுவரோரம் இருக்கற பொட்டியிலருந்துதானே வருது? சாயந்திர வெயில் படற எடம்?”

“அங்கிட்டுதான்.”

அந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏணி வைத்து ஏறினேன். உலைக்குள் சூட்டை அளக்கும் உணரியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் அந்தப் பெட்டியில்தான் கேபிளோடு சேரும். வெயில் மேற்கே சாயுமுன்பே பெட்டி தொட முடியாத அளவு கொதித்தது. மூடியைத் திறந்தேன். கேபிளின் சிவப்பு பிளஸில், கறுப்பு மைனஸில். நான் போட்டபடியே இருந்தது. சிவப்பு பிளஸ் என்பது இந்த ஊரில் வயர் தொட்ட எல்லாருக்கும் கையில் ஊறிய விஷயம். ஆனால் அது அமெரிக்க உலை, அதற்கேற்ற அமெரிக்க கேபிள். கீழே வந்து கையேட்டைப் புரட்டினேன். வெப்ப உணரிக் கம்பிகளில் அவர்களுக்குச் சிவப்புதான் மைனஸ். ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் இரண்டு முனையிலும் சிவப்பை பிளஸ் என்று நம்பியதால், ஒரு தவறை இன்னொன்று மறைத்துவிட்டது. பெட்டியும் ஏ.சி. அறையில் சூட்டைக் காட்டும் பேனலும் ஒரே சூட்டில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். பெட்டி வெயிலில் எவ்வளவு சூடாகிறதோ அந்த அளவுக்குப் பேனல் குறைத்துக் காட்டும். உலை அதை நம்பி இன்னும் முப்பது, நாற்பது டிகிரி ஏற்றிக்கொள்ளும். அளவுக் கருவிகளைச் சோதிக்க பெங்களூரிலிருந்து வருபவர் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று ஒட்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்தில் யாரும் இல்லை. பத்து நிமிடத்தில் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டு மூடியைத் திருகினேன். இனி எதுவும் உருகாது என்று நினைத்தேன். கரியப்பனை நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்று மதியம் நல்ல வெயில். கோபி ஓட்டிய சார்ஜின் துண்டை முதல் சூடு முடிந்ததுமே எடுத்து, செவ்வாய்க்கிழமை சுமலதா பார்த்தாள். ஓர் இடத்தில்கூட உருகல் இல்லை. மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

“நேத்து ஃபர்னஸ்ல எதையாச்சும் தொட்டீங்களா?”

“இல்ல.”

ஸ்ரீராம் அந்தப் படத்தைப் பார்த்ததும் மேசையைத் தட்டினார். “ஆளை மாத்துனோம், மெட்டல் சரியாயிடுச்சு. இதுக்கு மேல விசாரணைன்னு என்ன இருக்கு?” சத்தமில்லாமல் நான் சரி செய்ததே கரியப்பனுக்கு எதிரான கடைசிச் சான்றாகிவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

புதிய சார்ஜ் வெளியே போக வேண்டுமென்றால் சுமலதா அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். முந்தைய சார்ஜ் நிராகரிக்கப்பட்டிருந்தால் அதன் காரணத்தை எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. அவள் அதைக் காலியாக விட்டு, பேனாவை மூடி வைத்தாள்.

“ஆபரேட்டர் தவறுன்னு எழுதிப் போடு,” என்றார் ஸ்ரீராம்.

“எனக்குத் தெரியாதத எழுத மாட்டேன் சார்.”

செவ்வாய், புதன், வியாழன். இரண்டாம் சூடும் முடிந்த பிளேடுகள் புதன்கிழமையிலிருந்து பெட்டியில் அடைக்கப்பட்டு வாசலில் கிடந்தன. லாரிக்காரர் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் அவள் ஹாலிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து வாசலுக்குமாக நடந்தாள். எனக்கும் உட்கார முடியவில்லை. ஆனால் அவள் நடக்கிற வீட்டில் நானும் நடந்தால் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று கட்டிலிலேயே கிடந்தேன். புதன்கிழமை சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“கேபிள்ல ஏதாச்சும் கோளாறு இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்லீங்களா?”

“இருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“சரி,” என்று ரசத்தை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்ரீராமின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். உலையின் பராமரிப்பு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி என்னை. மெமோ கொடுக்க அவளை.

“இப்பக் கையெழுத்து வரலைன்னா உனக்கும் மெமோ, சுமலதா.”

“குடுங்க சார், வாங்கிக்கறேன்.” பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். “மார்ச் பதினாலுக்கு முன்னாடி ஒரு சார்ஜுகூட உருகல. இந்தத் திங்கக்கிழமைக்கு அப்புறமும் உருகல. நடுவுல இருந்தது கரியண்ணன் மட்டும் இல்ல சார். இன்னொண்ணும் இருந்திருக்கு. அத நான் சொல்றது மொறையில்ல.”

என் பக்கம் திரும்பவில்லை. சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள். கால்கள் அசையாமல் அவள் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

“கேபிள் சார்,” என்றேன். “நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

ஸ்ரீராம் பராமரிப்பு நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்ஜினியரிங் படிச்சவன் பண்ற வேலையாய்யா இது? எப்பக் கண்டுபிடிச்ச?”

“இன்னைக்குக் காலையில.”

அவள் பதிவேட்டை மூடினாள்.

வெள்ளிக்கிழமை கண்டுபிடித்துச் சரி செய்தேன் என்றால் செவ்வாய்க்கிழமை பார்த்த துண்டு எப்படி நன்றாக வந்தது? ஸ்ரீராம் கேட்கவில்லை. விசாரணையை ரத்து செய்கிற அவசரம் அவருக்கு. மன்னிப்புக் கடிதத்தில் 21-5-2004 என்று எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை சுமலதா அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். காரணத்துக்கான கட்டத்தில், உணரிக் கம்பிகள் மாறியிருந்தன என்றும், சரி செய்த நாள் 17-5-2004 என்றும் எழுதியிருந்தாள். இரண்டு தாள்களும் ஒரே கோப்பில் இருக்கின்றன. இதுவரை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. கரியப்பன் மறு திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். நிரந்தர ஆணை ஜூனுக்குப் பதில் செப்டம்பரில் வந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, நாங்கள் கிளம்புவதற்குள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“தன் தப்ப யாரும் தானா ஒத்துக்க மாட்டாங்க சார். தெரிஞ்ச அன்னிக்கே போயிச் சொன்னீங்களாமே. அந்தக் கொணம் எல்லாருக்கும் வராது.”

“விடுங்க கரியப்பன்,” என்றேன்.

பக்கத்தில் சுமலதா நின்றிருந்தாள். ஸ்கூட்டரில் பாகலூர் சாலைத் திருப்பம் வரை வந்ததும், “நிறுத்துங்க” என்றாள். இறங்கினாள்.

“அவரு சொன்ன நன்றிய ஏங்க வாங்கிக்கிட்டீங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தாள். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். நான் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் கரியப்பன் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுப்பார். அவர் போனதும் அன்றைக்கே அதைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவாள். ஒரு பழம்கூட வாயில் வைக்க மாட்டாள். “புளிப்பா இருக்கா?” என்று ஒரு வருடம் கேட்டேன். “நல்லாத்தான் இருக்கும்” என்று வெறும் கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

போன ஆவணியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டே வார்டுக்குள் நடந்தாள். படுக்கச் சொல்லி நர்ஸ் அதட்டியதற்கு, “படுத்தா நேரம் போவல சிஸ்டர்” என்றாள். ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

இந்த மே மாதமும் கரியப்பன் கூடையோடு வந்தார். வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். “அம்மிணி இல்லாத வீடு சத்தமே இல்லாம கெடக்குது சார்,” என்றார். பிறகு, எப்போதும் போல, “உங்க ரெண்டு பேராலதான் இன்னிக்கு நான் வேலையில இருக்கறேன்” என்று ஆரம்பித்தார்.

“கரியப்பன், அந்தக் கேபிள நான் வெள்ளிக்கிழமை பாக்கல. திங்கக்கிழமையே பாத்துட்டேன். மாத்திப் போட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்.”

“எந்தத் திங்கக்கிழம?”

“அதே வாரம். நாலு நாள் முன்னாடி.”

அவர் தரையைப் பார்த்தார். விரலால் தொடையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

“அந்த வெள்ளிக்கிழம விடியகாலையில கறவ மாடு ரெண்டையும் குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி வித்துட்டேன் சார். வேல போச்சு, இனி தீவனத்துக்கு எங்க போறதுன்னு. மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தேன். சாயந்திரம் ஆள் வந்து சொன்னாங்க, வேல இருக்குதுன்னு.”

“எனக்குத் தெரியாது கரியப்பன்.”

“அம்மிணிக்குத் தெரியும். மாரம்மா அன்னிக்குச் சந்தையில இருந்தாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அம்மிணி எங்கிட்ட ஒண்ணும் பேசலயோ என்னமோ.”

எழுந்தார். செருப்பை மாட்டினார். குனிந்து கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் வாசலில் நின்றேன். கூடையை வண்டியின் பின்சீட்டில் வைத்துக் கயிறு கட்டினார். ஏறி உட்காரவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.